பெயரிட்டுத் திட்டமிடுதல்: சமையலறை அலமாரிகளும் வடிவமைப்பு மென்பொருளும்

புதுவீட்டின் சமையலறையைத் திட்டமிடுவோர் முதலில் எண்ணிப் பார்ப்பது பலகையின் நிறத்தையும் அதன் விலையையும்தான். எந்த அலமாரி எதற்கு என்னும் வினா பெரும்பாலும் தச்சர் வேலையை முடித்துச் சென்ற பின்னரே எழுகிறது. மாவரைக்கும் இயந்திரத்தை வைக்கக் கீழ்த்தட்டு உயரம் போதவில்லை, எண்ணெய்ப் புட்டிகள் அடுப்புக்கு எட்டாத தொலைவில் இருக்கின்றன என்பன அப்போது தெரியவரும். தெரிந்தும் பயனில்லை, பலகை அறுக்கப்பட்டுவிட்டது.

இவ்வினாவை உரிய காலத்தில் எழுப்ப இன்று எளிய கருவி ஒன்று உண்டு. அது வீட்டு வடிவமைப்பு மென்பொருள். அதில் ஒவ்வோர் அலமாரிக்கும் அகலம், ஆழம், உயரம் ஆகிய அளவுகளோடு பெயருக்கும் ஒரு கட்டம் தரப்பட்டிருக்கிறது. பலரும் தொடாமல் விட்டுவிடும் அக்கட்டத்தைப் பற்றியதே இவ்வுரை. அலமாரிக்கு முதலில் பெயரும் அடுத்து அளவும் தந்தால் சமையலறையும் செம்மையாக அமையும். வீட்டில் தமிழுக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

கதவும் பெயரும்

நம் முன்னோரின் அடுக்களையில் பெயர்ச்சீட்டுகள் இல்லை. உறியும் பரணும் அடுக்குப்பானையும் அஞ்சறைப்பெட்டியும் இருந்தன. அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் மஞ்சளை நிறமும் சீரகத்தை மணமும் காட்டிக்கொடுக்கும். பொருள் கண்ணெதிரே இருந்ததால் அதன் பெயரை எழுதிவைக்க வேண்டிய தேவை எழவில்லை.

பொருள்கள் கதவுக்குப் பின்னே சென்றபோது அத்தேவை பிறந்தது. 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து வீடமைப்புத் திட்டத்திற்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட அச்சிற்றறையில் ஒவ்வோர் அடியும் கணக்கிடப்பட்டிருந்தது. அதன் சுவரோரத்தில் அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்கான சிறிய அலுமினிய இழுப்பறைகள் வரிசையாக அமைந்திருந்தன. ஒவ்வொன்றிலும் உள்ளிருக்கும் பொருளின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. பெயரும் இடமும் வரைபடத்திலேயே முடிவான சமையலறை அது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அமைக்கப்பட்ட அவ்வடிவம் பிற்கால அடுக்குமாடி வீட்டுச் சமையலறைகளுக்கு முன்மாதிரிகளுள் ஒன்றாயிற்று. இடம் குறைந்த வீவக வீட்டுச் சமையலறைக்கும் அதே ஒழுங்கு பொருந்தும்.

மென்பொருளில் ஓர் அலமாரி

எடுத்துக்காட்டாக, கட்டணமின்றிக் கிடைக்கும் ‘ஸ்வீட் ஹோம் 3டி’ என்னும் மென்பொருளைக் கொள்வோம். அதன் திரை நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். இடப்புறம் மேலே அறைகலன்களின் தொகுப்பும், கீழே நாம் தேர்ந்தெடுத்தவற்றின் பட்டியலும் இருக்கும். வலப்புறம் மேலே தரைப்படமும், கீழே முப்பரிமாணத் தோற்றமும் இருக்கும். தொகுப்பிலிருந்து ஓர் அலமாரியைத் தரைப்படத்திற்கு இழுத்து வைத்து, அதனை இருமுறை சொடுக்கினால் ஒரு சாளரம் திறக்கும். அகலம், ஆழம், உயரம், தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கவேண்டும் என்னும் அளவு ஆகியவற்றை அங்கே மாற்றலாம். அதே சாளரத்தில்தான் பெயர்க்கட்டமும், அப்பெயரைத் தரைப்படத்தில் காட்டுவதற்கான தெரிவும் உள்ளன.

அளவுகளை மில்லிமீட்டரில் எழுதுவது தச்சர்களின் வழக்கம். வழக்கமான கீழ் அலமாரி ஏறத்தாழ 600 ஆழம் உடையது. மேடையின் உயரம் தரையிலிருந்து 850 முதல் 900 வரை அமையும். மேல் அலமாரியின் ஆழம் 300 முதல் 350 வரை. மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடையே ஏறத்தாழ 600 இடைவெளி விட்டால், மேல் அலமாரி தரையிலிருந்து 1,450 முதல் 1,500 உயரத்தில் தொடங்கும். சமைப்பவர் உயரம் குறைந்தவராயின் இவ்வெண்களைக் குறைத்துக்கொள்ளலாம். பட்டறையின் வழக்கத்தைவிடச் சமைப்பவரின் கை எட்டும் உயரமே முதன்மையானது.

இனி, 3,600 நீளமுள்ள சுவர் ஒன்றைத் திட்டமிடுவோம். மளிகைக்கான உயர அலமாரி 450. குளிர்பதனப் பெட்டிக்கான இடம் 700. கழுவும் தொட்டி அலமாரி 800. இழுப்பறை அலமாரி 450. அடுப்பு அலமாரி 800. எண்ணெய் அலமாரி 300. இவற்றின் கூட்டுத்தொகை 3,500. எஞ்சிய 100ஐ இரு முனைகளிலும் 50, 50 எனப் பிரித்து நிரப்புப் பலகைக்கு விடவேண்டும். சுவர்கள் முற்றிலும் நேராக இருப்பது அரிது. கதவின் கைப்பிடி பக்கச் சுவரில் இடிக்காமல் திறக்கவும் இடம் வேண்டும். சுவரில் ஓடு பதித்த பின்னரே இறுதி அளவை எடுக்கவேண்டும் என்பதையும் மறத்தலாகாது. ஓடும் அதன் அடியிலுள்ள பூச்சும் சேர்ந்து சுவரின் நீளத்தைக் குறைத்துவிடும்.

மேலே கண்ட வரிசையில் ஒவ்வோர் அலமாரியும் அதன் பணியால் பெயர் பெற்றிருப்பதைக் காணலாம். ‘அலமாரி 450’ என்று மட்டும் எழுதியிருந்தால், இழுப்பறை தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே ஏன் வரவேண்டும் என்பது புலப்படாது. கழுவிய காயை நறுக்கி அடுப்பில் இடும் வேலை அவ்விடத்தில் நடக்கிறது. கத்தியும் கரண்டியும் அங்கே இருந்தாகவேண்டும். பெயரை எழுத முற்படும்போதே இக்காரணத்தை எண்ணிப் பார்க்கிறோம். பெயர் தோன்றாத அலமாரிக்கு இன்னும் வேலை முடிவாகவில்லை என்று பொருள். ‘இதர பொருள்கள்’ என்னும் பெயரும் அத்தகையதே. பட்டியலில் அப்பெயர் இரண்டு முறை வந்தால் திட்டத்தை மீண்டும் ஆராய்வது நன்று.

எண் தச்சருக்கு, பெயர் வீட்டாருக்கு

மென்பொருளில் நாம் இடும் பெயர் திரையோடு நிற்பதில்லை. அது பட்டியலுக்குச் சென்று, அச்சேறித் தச்சரின் கைக்குப் போகிறது. அவர் தமிழ் அறியாதவராக இருக்கலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதுவே பெரும்பாலும் நிலை. ஆதலின் ஒவ்வோர் அலமாரிக்கும் ஓர் எண்ணையும் ஒரு பெயரையும் சேர்த்துத் தருவது நல்லது. கீழ் அலமாரிகளுக்கு 101 முதலும், மேல் அலமாரிகளுக்கு 201 முதலும், உயர அலமாரிகளுக்கு 301 முதலும் எண் தரலாம். ‘101 கழுவும் தொட்டி’, ‘102 கத்தி, கரண்டி’, ‘103 அடுப்பு’, ‘104 எண்ணெய்’, ‘301 மளிகை’ என்று பெயர்க்கட்டத்தில் எழுதினால், பட்டியலைப் பெயர்வாரியாக அடுக்கும்போது அலமாரிகள் தாமே வகைப்படும். தச்சர் எண்ணைக் கொண்டு பலகையை அறுப்பார். வீட்டார் பெயரைக் கொண்டு பொருளை அடுக்குவர். இரண்டும் ஒரே வரியில் இருப்பதால், 102ஐ 104இன் இடத்தில் பொருத்தும் பிழைக்கும் இடமிராது.

எண்ணை ஒருமுறை தந்தபின் மாற்றலாகாது. ஓர் அலமாரியை நீக்கினால் அதன் எண்ணும் நீங்கட்டும்; வேறொன்றுக்கு அதைத் தரவேண்டா. முன்னரே அச்சிட்ட படம் ஒன்று யாரிடமேனும் இருக்கக்கூடும்.

எந்தச் சொல்லை எழுதுவது?

நம் வீடுகளில் பேச்சில் வழங்குபவை ‘கெபினட்’, ‘டிராயர்’, ‘சிங்க்’ ஆகிய சொற்கள். பெயர்ச்சீட்டு எழுதும்போது ‘அலமாரி’, ‘இழுப்பறை’, ‘கழுவும் தொட்டி’ என்பவற்றைத் தெரிந்தெடுக்கலாம். ‘அலமாரி’ தமிழ்ச்சொல்லா என்று மாணவர் வினவினால், அது போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தது என்பதைத் தயங்காமல் கூறலாம். மேசை, சாவி, ஜன்னல் ஆகியவையும் அவ்வழியே வந்து நம் வீட்டில் குடியேறியவைதாம். பெயர்ச்சீட்டில் சொல்லின் பிறப்பைவிட அதன் ஒருமைப்பாடு முதன்மை பெறும். ஒரு படத்தில் ‘அலமாரி’ என்றும், அடுத்த படத்தில் ‘பேழை’ என்றும், பட்டியலில் ‘பெட்டி’ என்றும் எழுதினால், படிப்பவர் மூன்று பொருள்கள் இருப்பதாக எண்ணுவார்.

உள்ளிருக்கும் பொருளுக்கு அந்த வீட்டின் சொல்லே சிறந்தது. மிளகாய்த்தூள் என்று சொல்லும் வீட்டில் மிளகாய்ப்பொடி என்று எழுதவேண்டியதில்லை. பெலாச்சானும் பண்டான் இலையும் இந்நாட்டுத் தமிழரின் சமையலறைக்கு உரியவை. அவற்றைத் தமிழ் எழுத்தில் அவ்வாறே எழுதலாம்.

ஓர் ஒற்று செய்யும் வேலை

வல்லினம் மிகும் இடத்தையும் மிகா இடத்தையும் பாடநூலில் கற்கும் மாணவர்க்கு, அதனால் விளையும் பயன் எளிதில் தோன்றுவதில்லை. அலமாரியின் கதவில் அது கண்கூடாகத் தெரியும். ‘உப்பு புளி’ என்று எழுதினால் அது உம்மைத்தொகை. உப்பும் புளியும் உள்ளே இருக்கின்றன என்று பொருள். ‘உப்புப்புளி’ என்று எழுதினால் உப்பிட்டுப் பிசைந்து வைத்த புளி என்று பொருள்படும். ஓர் ஒற்றெழுத்து, அலமாரியுள் இருப்பது ஒரு பொருளா இரண்டா என்பதை முடிவு செய்கிறது. ‘எண்ணெய்ப் புட்டி’, ‘கண்ணாடிக் குவளை’, ‘பருப்பு வகை’ ஆகியவற்றையும் இவ்வாறே ஆராய்ந்து எழுதுதல் வேண்டும். கரும்பலகையில் எழுதும் பிழை அன்றே அழியும். அலமாரிக் கதவில் ஒட்டிய பிழை ஆண்டுக்கணக்கில் கண்ணில் படும்.

திரையில் உடையும் எழுத்து

தமிழ்ப் பெயரை இடும்போது தொழில்நுட்பத் தடை ஒன்று குறுக்கிடக்கூடும். ஒருங்குறி முறையில் ‘கெ’ என்னும் எழுத்தைக் கணினி சேமிக்கையில், முதலில் ககரமும் அடுத்து ஒற்றைக்கொம்பும் இடம்பெறும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவருவது மென்பொருளின் கடமை. அத்திறன் இல்லாத மென்பொருளில் கொம்பு பின்னே நின்று எழுத்து உடைந்து தோன்றும். பொறியியல் வரைபட மென்பொருள்கள் சிலவற்றின் கோட்டெழுத்துருக்களில் தமிழே இராது. அங்கே வினாக்குறிகளோ வெற்றுக் கட்டங்களோ தெரியும்.

ஆதலின் வேலையைத் தொடங்குமுன் ஐந்து சொற்களை எழுதிச் சோதிக்கலாம்: வெந்தயம், தேங்காய், மைதா, கொத்தமல்லி, கோதுமை. முன்னே வரும் கொம்புகளும் இருபுறமும் அமையும் குறிகளும் இவற்றுள் அடங்கியுள்ளன. ஐந்தும் தரைப்படத்திலும் முப்பரிமாணத் தோற்றத்திலும் அச்சிலும் சரியாக வந்தால் அம்மென்பொருளை நம்பலாம். வாராவிடின் முதலில் எழுத்துருவை மாற்றிப் பார்க்கவேண்டும். விண்டோஸ் கணினிகளில் லதா, ஆப்பிள் கணினிகளில் இணைமதி போன்ற ஒருங்குறி எழுத்துருக்கள் கிடைக்கின்றன. இணைமதியை உருவாக்கியவர் மலேசியரான முத்து நெடுமாறன் என்பதை மாணவர் அறிந்திருப்பது நன்று. அப்போதும் எழுத்து உடைந்தால், பெயரை வேறொரு செயலியில் எழுதிப் படமாகச் சேமித்து, அலமாரியின் முகப்பில் ஒட்டலாம். எனினும் படமாக ஒட்டிய பெயர் பட்டியலில் ஏறாது, தேடலிலும் அகப்படாது. அவ்வாறு செய்வோர் எண்ணை மட்டுமேனும் பெயர்க்கட்டத்தில் எழுதவேண்டும்.

எல்லாரும் படிக்கவேண்டியவை

சில பெயர்கள் ஒரு மொழியில் மட்டும் இருத்தலாகாது. எரிவாயுவை நிறுத்தும் வால்வு எந்தக் கதவின் பின்னே உள்ளது என்பதை வீட்டிலுள்ள அனைவரும் நொடியில் அறியவேண்டும். பாட்டிக்குத் தமிழும், பணிப்பெண்ணுக்கு வேறொரு மொழியும் தெரிந்திருக்கலாம். அங்கே தமிழோடு ஆங்கிலமும் குறிப்படமும் இடம்பெறுவதே அறிவுடைமை. தொட்டியின் அடியில் வைக்கும் துப்புரவு மருந்துகளுக்கும் இது பொருந்தும். குழந்தை உள்ள வீட்டில் பெயரோடு பூட்டும் வேண்டும். வால்வை மறைக்கும் அலமாரிக்குப் பின்பலகை இல்லை, அல்லது கழற்றத்தக்க பலகை என்னும் குறிப்பையும் திட்டப் பட்டியலிலேயே சேர்த்தல் நலம்.

வகுப்பறைக்கும் வீட்டுக்கும்

இப்பணியை மாணவருக்குரிய செயல்திட்டமாகவும் அமைக்கலாம். மாணவர் தம் வீட்டுச் சமையலறையின் ஒரு சுவரை அளந்து, மென்பொருளில் வரைந்து, ஒவ்வோர் அலமாரிக்கும் பெயர் தரட்டும். பெயரை முடிவு செய்ய அவர்கள் வீட்டில் சமைப்பவரிடம் உரையாடியாக வேண்டும்: “இதில் என்ன வைக்கிறீர்கள் அம்மா? ஏன் இங்கே வைக்கிறீர்கள்?” வகுப்பில் பட்டியல்களை ஒப்பிடும்போது, ஒரே பொருளுக்கு வழங்கும் பல சொற்களும், ஒற்றுப் பிழைகளும், எண்ணின் பயனும் தாமே பேசுபொருளாகும்.

சிங்கப்பூரில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் எனக் கூறியோர் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். அலமாரிச் சீட்டுகள் இவ்வெண்ணை உயர்த்திவிடும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும், பள்ளிக்கு வெளியே தமிழெழுத்தை ஒரு தேவைக்காகப் படிக்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு மிகக் குறைவு. வெந்தயம் எடுத்து வரச் சொன்னால், நாளைக்கு ஒருமுறையேனும் ஒரு பிள்ளை அச்சொல்லைத் தேடிப் படித்துத்தான் கதவைத் திறக்கவேண்டும். அதற்காகச் செலவாவது திட்டமிடும் நாளில் சில நிமிடங்களே.