துப்பினால் மரியாதை

ஆட்சியாளர் ஒருவர் தம் அதிகாரிகளோடு ஆலோசனை நடத்திக்கொண்டிருக்கிறார். பாலைவனத்திலிருந்து வந்த ஒரு தலைவர் அவர் முன்னிலையில் மேசைமீது எச்சில் துப்புகிறார். அதிகாரிகள் கொதித்தெழுகின்றனர். ஆனால், அங்கிருந்த வீரர் ஒருவர் அவர்களைத் தடுத்து, வந்தவருக்கு நன்றி கூறுகிறார்; தாமும் மேசைமீது துப்புகிறார்! அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் ஹெர்பர்ட் 1965ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட 'டியூன்' என்னும் நாவலில் இடம்பெறும் காட்சி இது.

அக்கதை நிகழும் அராக்கிஸ் என்னும் கோளில் மழையே பெய்வதில்லை. அங்கு வாழும் பிரெமன் மக்களுக்கு ஒவ்வொரு சொட்டு நீரும் உயிருக்குச் சமம். ஆகவே, ஒருவர் உங்கள்முன் துப்பினால், தம் உடலின் ஈரத்தையே உங்களுக்குப் பரிசாகத் தருகிறார் என்று பொருள். வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் குடிநீராக மாற்றும் ஆடையை அவர்கள் அணிகின்றனர். இறந்தவரின் உடலிலுள்ள நீர்கூடக் கூட்டத்தின் பொதுச்சொத்து. ஓர் இறுதிச் சடங்கில் கதைத்தலைவன் பால் கண்ணீர் விடுகிறான். சுற்றியிருந்தோர் வியந்துபோகின்றனர். இறந்தவருக்காகத் தன் நீரையே கொடுக்கிறானே!

இவ்வழக்கங்கள் நமக்கு விந்தையாகத் தோன்றினாலும் பொய்யாகத் தோன்றுவதில்லை. நீர்ப் பற்றாக்குறை என்ற ஒரே வேரிலிருந்து அவை கிளைத்திருப்பதே காரணம். கற்பனை உலகம் படைக்க விரும்பும் மாணவர் பலர் அரசனின் பெயர், கொடி, வாள் ஆகியவற்றிலிருந்து தொடங்குகின்றனர். (வாளுக்குப் பெயர் சூட்டவே ஒரு வாரம் ஓடிவிடும்!) ஹெர்பர்ட் மணலிலிருந்து தொடங்கினார். ஓரிகன் மாநிலக் கடற்கரையில் நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டுத் தடுக்கும் முயற்சியைப் பற்றிக் கட்டுரை எழுத, 1957இல் அவர் அங்குச் சென்றார். கட்டுரை வெளிவரவில்லை, மணல்மீது எழுந்த ஆர்வம் நாவலாக வளர்ந்தது.

நீங்களும் முயன்று பாருங்கள். விறகு மிக அரிதாகக் கிடைக்கும் குளிர்த்தீவு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கு அடுப்பு வீட்டுக்கு ஒன்றா, ஊருக்கு ஒன்றா? ஊருக்கு ஒன்று என்றால், முதலில் சமைப்பவர் யார்? விருந்தினருக்குச் சூடான கஞ்சி கொடுப்பது எவ்வளவு பெரிய உபசாரம்? நோயுற்ற தன் குழந்தைக்காக ஒரு தாய் பிறர் விறகைத் திருடினால் ஊர் அவளை என்ன செய்யும்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் கதை பிறக்கிறது. ஊரார் அனைவரும் ஒரே விடையைச் சொன்னால், அவர்கள் மனிதர்களாகத் தோன்றமாட்டார்கள்.

பிரெமன் மக்களுக்கும் இத்தகைய சிக்கல் உண்டு. தங்கள் கோளைப் பசுமையாக்க வேண்டும் என்பது அவர்களின் கனவு. ஆனால், அவர்கள் போற்றி வணங்கும் மாபெரும் மணற்புழுக்களுக்கு நீர் நஞ்சாகும். மழை வந்தால் புழுக்கள் அழியும்; பழைய வழக்கங்களும் பொருள் இழக்கும். அந்த மழைக்குப் பின் பிறக்கும் பேரன், தன் தாத்தா விருந்தினர்முன் துப்புவதைக் கண்டால் என்ன நினைப்பான்?