மார்கழியில் உறையும் எண்ணெயே சோப்பைக் கெட்டியாக்கும்

தங்கவயலில் மார்கழி விடிகாலையில் தலைக்கு எண்ணெய் வைக்கப் போனால், பாட்டிலில் தேங்காய் எண்ணெய் மெழுகுபோல் உறைந்து கிடக்கும். வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி உருக்கிக்கொள்வது நம் வீடுகளில் பழக்கம். பக்கத்திலேயே இருக்கும் கடலை எண்ணெய் உறைவதில்லை. விளக்கெண்ணெயும் பிசுபிசுவென்று அப்படியே இருக்கும். வீட்டில் சோப்பு தயாரிக்கிறவர்கள் இந்த ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு, மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் போய் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். ஒரு சம்பளம் போதாத வீடுகளில் பெண்கள் கைத்தொழில் ஏதாவது செய்யப் பார்க்கிறார்கள். அப்பளம், ஊறுகாய், ஊதுவத்தி என்ற வரிசையில் சோப்பும் வருகிறது. சோப்பு தயாரித்துப் பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "நுரை நன்றாக வருகிறது. ஆனால் கெட்டியாக இல்லை. நாலு நாளில் கரைந்துவிடுகிறது."

நானும் பட்டவன்தான். முதல் தடவை ஒரு கிலோ எண்ணெயில் செய்தேன். பக்கத்து லைன் பெண் ஒருத்தி தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சோப்பா, ராகிக் களியா அண்ணா?" என்று கேட்டாள். தேங்காய் எண்ணெய் இன்று விற்கிற விலையில், சோப்பு கரைந்தால் காசு கரைந்தது என்றே அர்த்தம். பிறகு கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எந்த எண்ணெய்?

குளிரில் உறையும் எண்ணெய் கெட்டியான சோப்பைத் தரும். உறையாத எண்ணெய் மெதுவான சோப்பைத் தரும். தேங்காய் எண்ணெய், வனஸ்பதி முதல் வகை. பாமாயில் குளிரில் மங்கி அடியில் படியும்; அதுவும் நல்லதே. இலுப்பை எண்ணெயும் குளிரில் இறுகும். கடலை, நல்லெண்ணெய், சூரியகாந்தி எல்லாம் இரண்டாம் வகை. நான் முதல் தடவை செய்த தப்பு, கடலை எண்ணெயைப் பாதிக்கு மேல் சேர்த்ததுதான்.

அப்படியானால் முழுக்கத் தேங்காய் எண்ணெயிலேயே செய்தால் என்ன? செய்யலாம். கல் மாதிரி வரும், நுரையும் பொங்கும். துணிக்கு மிக நல்லது. உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் என்பதால் போர்வெல் தண்ணீர் உபயோகிக்கிற வீடுகளுக்கும் ஏற்றது. ஆனால் உடம்பில் தேய்த்தால் தோல் வறண்டு வெள்ளை பூக்கும். ஆகையால் குளிக்கிற சோப்புக்குக் கலப்புதான் சரி.

எனக்குக் கைகொடுத்த அளவு இது. தேங்காய் எண்ணெய் 500 கிராம், பாமாயில் 300 கிராம், கடலை எண்ணெய் 200 கிராம். இதற்குக் காஸ்டிக் சோடா 153 கிராம். எண்ணெய் முழுவதையும் சோப்பாக்க 161 கிராம் வேண்டும். அதில் 5 சதவீதம் குறைத்துப் போடுவதால் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சி நின்று தோலைக் காக்கும். எண்ணெயை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் 183 கிராம் காஸ்டிக் சாப்பிடும். அதே அளவு கடலை எண்ணெய்க்கு 136 கிராம் போதும். டம்ளர் அளவு, கை அளவு எல்லாம் இங்கே உதவாது. தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பழைய காலத்தில் விறகுச் சாம்பலைக் கரைத்துச் சோப்பு செய்திருக்கிறார்கள். சாம்பலில் இருப்பது பொட்டாஷ். அது தருவது கூழ் போன்ற சோப்பு. கட்டியாக வேண்டும் என்றால் சோடாதான் வேண்டும். அந்தச் சோடாவும் புதிதாக இருக்க வேண்டும். திறந்த டப்பாவில் ஈரம் குடித்துக் கட்டி தட்டிய காஸ்டிக்கை வாங்கினால், 153 கிராம் போட்டாலும் அத்தனை வேலை நடக்காது.

தண்ணீரில்தான் ஏமாற்றம்

ஒரு கிலோ எண்ணெய்க்கு 380 மில்லி தண்ணீர் ஊற்றுவது பலருடைய வழக்கம். கலக்கச் சுலபமாக இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் வெளியேறும் வரை சோப்பு மெதுவாகவே இருக்கும். 300 மில்லியே போதும். அந்தத் தண்ணீரில் முதலில் 10 கிராம் சாதாரண உப்பைக் கரைத்துவிட்டுப் பிறகு காஸ்டிக்கைப் போட்டால் கட்டி சீக்கிரம் இறுகும். உப்பை அள்ளிப் போட்டால் நுரை குறையும், வெட்டும்போது உதிரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது; காஸ்டிக் அதை அரித்துத் தின்றுவிடும். எவர்சில்வர் அல்லது தடித்த பிளாஸ்டிக் வாளி எடுங்கள். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே காற்றாட நின்று செய்யுங்கள். மேலே பட்டால் உடனே குழாயடியில் நின்று நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவுங்கள். கரைத்த காஸ்டிக் பார்ப்பதற்கு வெறும் தண்ணீர் மாதிரியே இருக்கும். ஒற்றை அறை லைன் வீட்டில், குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் அதை டம்ளரிலோ சொம்பிலோ வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தப்பித் தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இரண்டும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் காஸ்டிக் நீரை எண்ணெயில் ஊற்றிக் கலக்க வேண்டும். தோசை மாவுப் பதம் வந்து, கரண்டியால் போட்ட கோடு மறையாமல் நின்றால் பெட்டியில் ஊற்றலாம். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கையுறையோடு வெட்டிவிடலாம்.

குறுக்கு வழிகள்

கெட்டியாக வேண்டும் என்று காஸ்டிக்கைக் கூட்டிப் போடுகிறவர்கள் உண்டு. கட்டி இறுகும், உண்மைதான். ஆனால் தோலை எரித்துவிடும். இன்னும் சிலர் மைதா, வெள்ளைக் களிமண், சிலிக்கேட் என்று சேர்ப்பார்கள். மலிவான துணி சோப்புகளில் சிலிக்கேட் போடுவது புதிதல்ல. துணிக்கு என்றால் போகட்டும், குழந்தையைக் குளிப்பாட்டுகிற சோப்பில் எடை ஏற்றுவதற்காக மண்ணைச் சேர்ப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கடை சோப்பு அளவுக்கு வீட்டு சோப்பு இறுகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெங்களூரில் 1916-ல் மைசூர் அரசு சோப்புத் தொழிற்சாலை தொடங்கியது. அப்போது மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார், திவான் விசுவேசுவரய்யா. அதற்காக எஸ்.ஜி. சாஸ்திரி என்ற விஞ்ஞானி இங்கிலாந்து சென்று படித்து வந்தார். பெரிய ஆலைகளில் சோப்பைக் காய்ச்சி, உப்பு நீர் விட்டுக் கிளிசரினைப் பிரித்து எடுக்கிறார்கள். பிறகு உலர்த்தி, உருளைகளில் அரைத்து, இயந்திரத்தில் அழுத்துகிறார்கள். நம் சோப்பில் கிளிசரின் அப்படியே தங்கிவிடுகிறது. தோலுக்கு அது சுகம். ஆனால் காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுக்கும். ஆகவே வீட்டு சோப்பைத் தண்ணீர் தேங்கும் டப்பாவில் போடாமல் ஓட்டை உள்ள தட்டில் வைக்க வேண்டும்.

ஆறு வாரம்

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, ஒரே வாரத்தில் எடுத்துத் தேய்த்தால் பழைய கதைதான். நாலிலிருந்து ஆறு வாரம் காய வேண்டும். வெயிலில் அல்ல, நிழலில். கட்டிக்குக் கட்டி இரண்டு விரல் இடைவெளி விட்டு, மூங்கில் தட்டில் அடுக்கி, வாரம் ஒரு தடவை புரட்டிப் போடுங்கள். சயனைடு மேட்டுப் பக்கம் இருக்கிற வீடுகளில் காற்றடித்தால் மணல் தூசி வந்து ஒட்டும். மெல்லிய துணியால் மூடி வையுங்கள். ஐப்பசி மழையில் இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விற்கிற எண்ணம் இருந்தால் இன்னொன்று. குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். தயாரித்து விற்க உரிமம் வேண்டும். அக்கம்பக்கத்தில் கொடுத்துப் பழகிய பிறகு, பாக்கெட் போட்டுக் கடையில் வைப்பதற்கு முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

காய்ந்ததா இல்லையா என்று விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள். மேல்பக்கம் சீக்கிரமே இறுகி ஏமாற்றும். நான் ஒரு கட்டியை மட்டும் அடையாளம் வைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் நிறுத்து எடையைக் காலண்டரில் குறித்து வருகிறேன். எடை வாரா வாரம் இறங்கும். இரண்டு ஞாயிறு தொடர்ந்து ஒரே எடை காட்டினால், அன்றைக்கு அதைக் குளியலறைக்கு எடுத்துப் போகலாம்.