கைக்கும் ஒரு கவசம் வேண்டும்! – வெயில், மழை, குளிருக்கு ஏற்ற கையுறை எது?

கார்த்திகை மாதம். பகல் 12 மணி. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஒரு மோட்டார் சைக்கிள் ஊட்டிக்குப் புறப்படுகிறது.

அடிவாரத்தில் நல்ல வெயில். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் உள்ளங்கை வியர்த்துக் கொட்டுகிறது.

பர்லியாறு தாண்டியதும் மழை பிடித்துக் கொள்கிறது. குன்னூரில் மூடுபனி. ஊட்டி போய்ச் சேருவதற்குள் விரல்கள் விறைத்துவிடுகின்றன. வண்டியை நிறுத்திய பிறகு, சட்டைப் பையில் இருந்து சில்லறை எடுத்து டீக்குக் கொடுக்கக்கூட விரல் வளையவில்லை!

தூரம் சுமார் 50 கிலோ மீட்டர்தான். ஆனால், வெயில், மழை, குளிர் மூன்றையும் அந்தக் கைகள் ஒரே நாளில் பார்த்துவிட்டன.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் உயரம் 7,300 அடிக்கு மேல். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி வெப்பம் குறையும் என்பது கணக்கு. அதாவது, மலை ஏறி முடிப்பதற்குள் 12 டிகிரி குறைந்துவிடும்.

உடம்புக்குச் சட்டை இருக்கிறது. தலைக்கு ஹெல்மெட் இருக்கிறது. கைக்கு?

நம் நாட்டில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கையுறைக்குச் சட்டம் இல்லை. பிரான்ஸ் நாட்டில் 2016-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி முதல் கையுறையும் கட்டாயம். ஓட்டுகிறவர் மட்டும் அல்ல, பின்னால் உட்காருகிறவரும் அணிய வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

முதலில் ஊன்றுவது கை

மனிதன் எப்படி விழுந்தாலும், தன்னை அறியாமல் கையை நீட்டி ஊன்றுகிறான். நடக்கும்போது தடுக்கி விழுந்தாலும் அப்படித்தான். ஓடும் வண்டியில் இருந்து விழுந்தாலும் அப்படித்தான்.

வெறும் கை தார் ரோட்டில் தேய்ந்தால் என்ன ஆகும்? உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். மண்ணும் பொடிக் கற்களும் சதைக்குள் புகுந்துவிடும்.

தோலோடு போவதும் இல்லை. மணிக்கட்டில், கட்டை விரலுக்கு நேர் கீழே ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. படகு போன்ற வடிவம். கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு அடிக்கடி முறிகிற எலும்பு அது. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆகையால் கூடுவதற்கு நாள் பிடிக்கும். அந்த முறிவு முதல் நாள் எக்ஸ்-ரே படத்தில் தெரியாமலும் போகலாம். விழுந்தவருக்குக் கட்டை விரலின் அடியில் வலி நீடித்தால், "சுளுக்குதான்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. டாக்டரிடம் மறுபடியும் காட்ட வேண்டும்.

தையற்காரர், தச்சர், தட்டச்சு செய்கிறவர், பூக்கட்டும் பெண் எல்லோருக்கும் கைதான் சோறு போடுகிறது. கை இரண்டு மாதம் கட்டில் இருந்தால், அடுப்பும் இரண்டு மாதம் அணைந்துவிடும்.

நல்ல கையுறையின் உள்ளங்கையில், மணிக்கட்டை ஒட்டி, கெட்டியான வழுவழுப்பான ஒரு வில்லை வைத்துத் தைத்திருப்பார்கள். அது அலங்காரத்துக்காக அல்ல. கை ரோட்டில் பட்டதும், அப்படியே பிடித்து நிற்காமல் சறுக்கிப் போவதற்காக. சறுக்கினால் மணிக்கட்டுக்கு அதிர்ச்சி குறையும். வாங்கும்போது இந்த வில்லை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

வெயில் காலத்துக்கு

"இந்த வெயிலில் கையுறையா?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையில், வெயிலில்தான் கை வியர்த்து வழுக்குகிறது. ஆக்சிலேட்டர் பிடி நழுவுகிறது. புறங்கை கறுத்துக் காந்துகிறது.

வெயிலுக்கு ஏற்றது, காற்று புகும் கையுறை. புறங்கைப் பக்கம் வலைத் துணி இருக்கலாம். அல்லது சிறு சிறு துளைகள் போட்ட மெல்லிய தோல் இருக்கலாம். ஆனால், உள்ளங்கைப் பக்கம் தோலாகவே இருக்கட்டும். ரோட்டில் தேய்வது அந்தப் பக்கம்தான். முழுவதும் துணியால் ஆன கையுறை சீக்கிரம் கிழிந்துவிடும்.

வெளிர் நிறமாக இருந்தால் சூடு குறைவாக ஏறும்.

விரல் நுனி வெட்டிய அரைக் கையுறை பார்க்க அழகாக இருக்கும். சௌகரியமாகவும் இருக்கும். ஆனால், விழும்போது விரல்களுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. பாதிக் குடை பிடித்து மழையில் போவது போலத்தான் அது!

மழைக் காலத்துக்கு

தண்ணீர் உள்ளே வரக் கூடாது. வியர்வை வெளியே போக வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்குமா?

நடக்கும். இதற்கென்று ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர் 1969-ம் ஆண்டு கண்டுபிடித்த பொருளில் இருந்து வந்தது அது. அதற்குக் 'கோர்-டெக்ஸ்' என்று பெயர். இப்போது வேறு பெயர்களிலும் இதே மாதிரி சவ்வுகள் வருகின்றன. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மழைத்துளி அதில் நுழைய முடியாது. வியர்வை ஆவி மட்டும் நுழைந்து வெளியேறிவிடும். இந்தச் சவ்வைக் கையுறையின் மேல் துணிக்கும் உள் துணிக்கும் நடுவில் வைத்துத் தைக்கிறார்கள்.

எவ்வளவு நல்ல கையுறையாக இருந்தாலும், அணியும் முறை தவறினால் பயன் இல்லை. சாதாரணமாக, வண்டி ஓட்டும்போது கை கீழ்நோக்கி இருக்கும். மழைத் தண்ணீர் சட்டைக் கையில் வழிந்து, நேராகக் கையுறைக்குள் இறங்கும். ஆகையால், மழையில் கையுறையின் வாய் மழைக்கோட்டின் கைக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருந்தால் கையுறை குடம் போல நிரம்பிவிடும்!

சில கையுறைகளில் இடது கை விரலில் மட்டும் ஒரு ரப்பர் விளிம்பு இருக்கும். ஹெல்மெட் கண்ணாடியில் விழும் தண்ணீரை வழிக்க உதவும். ஏன் இடது கை? வலது கை ஆக்சிலேட்டரை விட முடியாதே!

சிலர் மழை வந்ததும் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக் கொள்கிறார்கள். அது ஆபத்து. பிளாஸ்டிக் வழுக்கும். அவசரத்தில் பிரேக்கைப் பிடிக்கும்போது கை நழுவிவிடும்.

குளிர் காலத்துக்கு

குளிரில் காற்றும் ஒரு பகை.

காற்று வேகமாக வீசினால் குளிர் எவ்வளவு கூடுதலாக உறைக்கும் என்பதற்கு, அமெரிக்காவிலும் கனடாவிலும் 2001-ம் ஆண்டு ஒரு புதிய கணக்கைக் கொண்டுவந்தார்கள். அதன்படி, 5 டிகிரி குளிரில் மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், உடம்புக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே 2 டிகிரி போல இருக்கும். மார்கழி விடியற்காலையில் ஊட்டியில் வண்டி ஓட்டுகிறவரின் விரல்களுக்கு இதுதான் கதி.

குளிர் கடுமையானால், உடம்பு தன் சூட்டை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மிச்சம் பிடிக்கும். விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். விரல் மரத்துப் போகும்.

மரத்த விரல் பிரேக்கைப் பிடிக்கத் தாமதிக்கும். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் சுமார் 55 அடி ஓடுகிறது. அரை வினாடி தாமதித்தால் 27 அடி கூடுதலாக ஓடிவிடும். நடுரோட்டில் ஒரு மாடு நின்றால், அந்த 27 அடியில் எல்லாம் முடிந்துவிடும்.

குளிருக்கு வேண்டியது, காற்று நுழையாத மேல் தோலும், பஞ்சு போன்ற உள் துணியும், முழங்கையை நோக்கி நீண்ட வாயும் உள்ள கையுறை. ஆனால், மெத்தை போலத் தடிமனாக இருந்தால் கிளட்சும் பிரேக்கும் கைக்குப் பிடிபடாது. அதற்குப் பதில், மெல்லிய பட்டு உள் கையுறை ஒன்றைப் போட்டு, அதற்கு மேல் நடுத்தரக் கையுறை போடலாம்.

இறுக்கமான கையுறை குளிரைக் கூட்டும். ரத்த ஓட்டத்தைத் தடுப்பதுதான் காரணம்.

இன்னொரு ரகசியம்: நெஞ்சு குளிர்ந்தால் கையும் குளிரும். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்காரர்கள், சட்டைக்குள் நெஞ்சின் மேல் பழைய செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வார்கள். காற்றைத் தடுக்க அது இன்றைக்கும் நல்ல உபாயம்தான்!

லடாக் போன்ற பனிப் பிரதேசங்களுக்குப் போகிறவர்கள், பாட்டரியால் சூடாகும் கையுறைகளையும் வாங்குகிறார்கள். நம் ஊருக்கு அது தேவை இல்லை.

எந்தத் தோல் நல்லது?

ஆட்டுத் தோல் மெல்லியது, மிருதுவானது, உறுதியானது. விரல்களுக்கு ஏற்றது. மாட்டுத் தோல் தடிமன், நெடுநாள் உழைக்கும். பந்தய வீரர்களின் கையுறைகளில் கங்காரு தோலும் உண்டு. அது மெல்லியதாக இருந்தாலும் லேசில் கிழியாது.

தோல் விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் தோல் தொழிலுக்குப் பெயர் போனது. முன்பு ஆவாரம்பட்டையை ஊற வைத்துத் தோலைப் பதப்படுத்தினார்கள். சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-ம் ஆண்டு தொடங்கப்பட்டது.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் கையை அளந்து கொள்ளுங்கள். கட்டை விரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் அகலமான இடத்தைச் சுற்றி அளவு நாடாவை வைத்துப் பார்க்க வேண்டும்.

கையுறையைப் போட்டுக்கொண்டு, கையை விரித்துப் பார்த்தால் போதாது. ஹேண்டில்பாரைப் பிடிப்பது போல மடக்கிப் பாருங்கள். விரல் நுனி முட்டக் கூடாது. உள்ளங்கையில் துணி சுருண்டு மடியக் கூடாது. உள்ளே தையல் உறுத்தினால் வேண்டாம். இங்கே உறுத்துவது, 20 மைலுக்குப் பிறகு கொப்புளம் ஆகும்.

மணிக்கட்டுப் பட்டையை நன்றாக மாட்டிவிட்டு, மறு கையால் கையுறையை இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு வந்தால் வாங்காதீர்கள். விழும்போது கழன்று பறக்கும் கையுறையால் என்ன லாபம்?

ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் கையுறைக்கு 'ஈ.என். 13594' என்று ஒரு தர விதி இருக்கிறது. தேய்மானம், கிழிசல், உருவி வருதல் எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிவு உண்டு. இதில் எண் 2 தான் உசத்தி. இந்த எண் கையுறையின் உள்ளே சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு ஜோடிதான் வாங்க முடியுமா?

சமவெளியில் இருப்பவர்கள், உள்ளங்கையில் தோல் வைத்த, காற்று புகும் கையுறையை வாங்கலாம். மழைக்கு, அதன் மேல் போட்டுக்கொள்ளும் மெல்லிய உறை ஒன்றைச் சேர்த்துக் கொள்ளலாம். பிடிப் பக்கம் வழுக்காததாகப் பார்த்து எடுக்க வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் வாசிகளுக்கு, நீர் புகாத நடுத்தரக் கையுறையும் பட்டு உள் கையுறையும் போதும்.

நனைந்த தோல் கையுறையை வெயிலிலோ அடுப்படியிலோ காய வைக்கக் கூடாது. தோல் விறைத்து வெடிக்கும். நிழலில், காற்றாடக் காய வையுங்கள். ஈரக் கையுறையைக் கழற்றும்போது மொத்தமாக இழுக்காமல், ஒவ்வொரு விரல் நுனியாகத் தளர்த்திக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள் துணி கையோடு வெளியே வந்துவிடும். பிறகு விரல்களைத் திரும்ப நுழைப்பது பெரும்பாடு.

வாசலில் வண்டியை உதைக்கும்போது, "ஹெல்மெட் எடுத்தீங்களா?" என்று கேட்பது இப்போது பல வீடுகளில் பழக்கம் ஆகிவிட்டது. கையுறையையும் அந்த ஹெல்மெட்டுக்கு உள்ளேயே போட்டு வையுங்கள். ஒன்றை எடுத்தால் மற்றொன்றும் கையோடு வந்துவிடும்!