காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டால்...

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்பர். ஏழைத் தொழிலாளி இறந்தாலோ குடும்பத்திற்கு மிஞ்சுவது கடன் ஒன்றே. அந்நிலையை மாற்ற வந்ததே ஆயுள் காப்பீடு. அத்தொகையும் மறுக்கப்பட்டால் என்ன செய்வது?

கைத்தறி நெசவாளரான என் தந்தை சென்ற ஆண்டு மறைந்தார். சில மாதங்களில் ஓர் ஆங்கிலக் கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. நீரிழிவு நோயை மறைத்ததால் தொகை தர இயலாது என்றிருந்தது. படிவத்தை நிரப்பியவர் முகவர். அப்பா கையெழுத்து மட்டுமே போட்டார். “அவ்வளவுதானாப்பா?” என்றார் அம்மா. விடை தேடி நூலகம் சென்றேன்.

1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு 2015இல் திருத்தப்பட்டது. அதன்படி மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியை எக்காரணம் கொண்டும் நிறுவனம் கேள்விக்குள்ளாக்க முடியாது. ஆனால், பிரீமியம் கட்டாமல் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால், புதுப்பித்த நாளிலிருந்தே மூன்றாண்டு மீண்டும் தொடங்கும். அதற்குள் மறுப்பதானால், காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மோசடி அல்லாமல் தகவல் பிழையே காரணமெனில், கட்டிய பிரீமியத்தை 90 நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும்.

மறுப்புக் கடிதம் வந்தால், முதலில் படிவத்தின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். மருத்துவச் சீட்டுகளைத் திரட்டுங்கள். பின்னர் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு முறையீடு எழுதி, ஒப்புகை பெறுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையெனினும், பதில் திருப்தி தராவிடினும், ‘இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்’ எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். நமக்குரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டாம். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்வதாயின் இரண்டாண்டுக் கெடு உண்டு. அங்கு வழக்கு நிலுவையில் இருக்கும்போது குறைதீர்ப்பாளரிடம் செல்ல இயலாது.

அப்பாவின் பாலிசிக்கு வயது ஆறு. எனினும், தறி ஓடாத மாதங்களில் காலாவதியாகி, இரண்டாண்டுகளுக்கு முன்புதான் புதுப்பிக்கப்பட்டது. எனவே மூன்றாண்டுக் காப்பு எங்களுக்கு இல்லை. ஆனால், நீரிழிவு கண்டறியப்பட்டது புதுப்பித்த பிறகே என்பதை அரசு மருத்துவமனைச் சீட்டு காட்டுகிறது. அச்சீட்டை இணைத்து மனுச் செய்துள்ளோம்; விசாரணைக்குக் காத்திருக்கிறோம்.

நண்பர்களே! இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள பாலிசியை எடுத்துப் பெற்றோருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். புதுப் படிவமாயின், கையெழுத்திடும் முன்பே படித்துக் காட்டுங்கள். என் தந்தைக்கு அதை நான் செய்யவில்லை.