வயிறு நிறையச் சோறு தின்ற குதிரைக்குக் கால் ஏன் வலிக்கிறது?

ஒருகாலத்தில் முத்துக்குளிப்புக்குப் பெயர்போன மன்னார்க் கொண்டச்சிக்கு எதிர்க்கரையில் பாண்டிய நாடு. அங்கே கப்பலில் வந்திறங்கிய குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் தீனியாகப் போட்டார்கள், ஏராளமான குதிரைகள் செத்தன என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்டார். அவை எதனால் செத்தன என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் சோறு போன்ற மாவுச்சத்துத் தீனி அளவு மீறினால் குதிரையின் காலையே முடக்கும்.

எப்படி?

உங்கள் இரு கை விரல்களையும் கோத்துப் பிடியுங்கள். குளம்புக்குள் இருக்கும் எலும்பும் வெளி ஓடும் இப்படித்தான் கோத்திருக்கின்றன. விரல்களுக்குப் பதில் அங்கே சுமார் 600 மெல்லிய மடிப்புகள். நகமும் சதையுமான இந்தப் பிடியில்தான் முழு உடலும் தொங்குகிறது.

அளவுக்கு மீறிய மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. அமிலம் கூடி, குடற்சுவர் கெட்டு, நச்சு இரத்தத்தில் கலக்கிறது. மடிப்புகள் அழன்று, பிடி தளர்கிறது. மேலிருந்து பாரம் அழுத்த, பின்னாலிருந்து தசைநாண் இழுக்க, எலும்பு சுழன்று கீழிறங்குகிறது. இதுதான் லாமினைட்டிஸ். இன்சுலின் மிகுந்தாலும் இது வரும்.

மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகளுக்கும் இது வரலாம். காய்ந்த புல்லுக்குப் பழகிய உடல் அவற்றுக்கு; மாவுச்சத்து மிகுந்த தீனி ஒத்துவராது.

குளம்பு சுடுகிறதா? முன்காலை நீட்டி, பாரத்தைப் பின்காலில் போட்டு நிற்கிறதா? உடனே தானியத்தை நிறுத்தி, மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். தொடக்கத்திலேயே குளம்பைப் பனிக்கட்டி நீரில் வைத்தால் சேதம் குறையும்.