பதினெட்டு நாடுகளுக்கு அப்பால்

2025 நவம்பரில், மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் கோப்ரி என்ற ஊர் அருகே மின்மயமாக்கல் வேலையில் இருந்த 5 இந்தியர்களை ஆயுதக் குழு ஒன்று கடத்திச் சென்றது. ஐந்து பேரும் தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள். அதே ஆண்டு ஜூலை 1 அன்று அந்நாட்டின் காயே பகுதியில் ஒரு சிமென்ட் ஆலையிலிருந்து 3 இந்தியர்கள் கடத்தப்பட்டிருந்தார்கள். மாலியில் இருக்கும் இந்தியர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்கும்படி நம் வெளியுறவு அமைச்சகம் அப்போதே அறிவித்தும் இருந்தது. கேரளத்தின் தேவிகுளம், மூணாறு தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வேர் சங்கரன்கோவில், தென்காசி, கோவில்பட்டிப் பக்கம்தான். அங்கே ஓர் ஏஜென்ட் சொல்லும் வேலைச் செய்தி, கோயில் கொடைக்குப் போய் வரும் உறவுக்காரர்கள் வழியாக மலையேறி வந்துவிடும். முன்பு கங்காணி முன்பணம் கொடுத்து இந்த மலைக்கு ஆள் கூட்டி வந்தார். இப்போது முன்பணம் கொடுப்பவர் வேலைக்குப் போகிறவரே. அதனால் பணத்தை எண்ணி வைக்கும் முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்கா விஷயத்தில் இந்தக் கேள்விகளை நமக்காகக் கேட்க அரசு அலுவலகம் எதுவும் கட்டாயமாகக் குறுக்கே வருவதில்லை. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குப் பெரும்பாலும் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். வேலை ஒப்பந்தம் அவர் பார்வைக்குப் போகும். 10 லட்சம் ரூபாய் காப்பீடும் கட்டாயம். நைஜீரியா, கானா, மாலி ஆகிய எதுவும் அந்தப் பட்டியலில் கிடையாது. "கிளியரன்ஸ் வேண்டாம், லேசாகப் போய்விடலாம்" என்று ஏஜென்ட் சொல்வது இதனால்தான். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் சோதனை இல்லாத பாதை பத்திரமான பாதை என்று அதற்கு அர்த்தமாகாது. அங்கே செய்ய வேண்டிய சோதனை முழுவதும் போகிறவர் தலையில் விழுகிறது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 18 நாட்டுப் பட்டியல் அனுமதிக்குத்தான். ஏஜென்டின் உரிமத்துக்கு அல்ல. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, எந்த நாட்டு வேலைக்கு ஆள் எடுத்தாலும் பதிவுச் சான்று வேண்டும். அது இல்லாமல் ஆள் எடுப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பதிவு பெற்றவர்கூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தட்டினால் உண்மை தெரிந்துவிடும். ரசீது தர மறுப்பவரிடம் கொடுத்த பணத்தைப் பிறகு போலீஸ் ஸ்டேஷனில் நிரூபிப்பது பெரும்பாடு.

"விசாவே அந்த நாட்டு அரசாங்கம் கொடுப்பதுதானே, அதற்கு மேல் என்ன சந்தேகம்?" என்று சிலர் கேட்பார்கள். விசா உண்மையானதாகவே இருக்கலாம். அது எதற்கான விசா என்பதுதான் கேள்வி. தாளை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படியுங்கள். வகை என்ற இடத்தில் விசிட், டூரிஸ்ட், பிசினஸ் என்று இருந்தால், அங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய அது செல்லாது. எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம் என்பவை தனித்தனி வரிகள். இந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டிருப்பது பெரும்பாலும் நாட்டுக்குள் நுழையக் கடைசி நாள். தங்கும் நாள் கணக்கு வேறு. "முதலில் விசிட்டில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பது பழைய பாட்டு. நைஜீரியாவையே எடுத்துக்கொள்வோம். 2025 மே முதல் குறுகிய காலப் பயணத்துக்கு அங்கே இ-விசா வந்துவிட்டது. ஆனால் நிரந்தர வேலை என்றால், வெளிநாட்டு ஆள் வைக்க கம்பெனிக்கு ஒதுக்கீடு வேண்டும்; வேலையாள் அதற்கென்று உள்ள தனி விசாவை இந்தியாவிலேயே வாங்கி, அங்கே போனபின் செர்பாக் என்னும் குடியிருப்பு அட்டையாக மாற்ற வேண்டும். விசிட்டில் போய் மாட்டுகிறவர் சம்பளம் வராவிட்டால் வாய் திறந்து புகார் சொல்லவே பயப்படுவார். ஏமாற்றுகிறவருக்கு வசதியாகிவிடுவது அந்தப் பயம்தான்.

உடம்புக்கும் இதே கண்டிப்பு வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். ஆனால் அதற்கான சான்றிதழான மஞ்சள் அட்டை, ஊசி போட்ட 10-ஆவது நாளிலிருந்துதான் செல்லுபடியாகும். கொச்சி வில்லிங்டன் தீவிலுள்ள துறைமுக சுகாதார அலுவலகம், சென்னை கிண்டி கிங் நிலையம் போல அரசு அங்கீகரித்த இடத்தில்தான் போட வேண்டும். தேவிகுளத்திலிருந்து கொச்சி சுமார் 130 கிலோமீட்டர் மலைப்பாதை. டிக்கெட் போடும் முன்பே நாள் குறித்துவிடுவது நல்லது. ஊசி போடாமலே மஞ்சள் அட்டை தருகிறேன் என்பவரை நம்பினால், அது இல்லாதவராகவே கணக்கு. திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். மலேரியாவுக்கு இந்த ஊசி உதவாது. பயணத்துக்கு முன் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்க வேண்டும், கொசுவலையும் வேண்டும். ஊர் திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். நம் மலையில் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலையும் டெங்குவையும்தான் முதலில் தேடுவார்கள். அங்குள்ள மலேரியாவோ சில நாட்களில் ஆளைக் கொன்றுவிடக்கூடியது.

"இவ்வளவு கேட்டால் வேலை அடுத்தவனுக்குப் போய்விடும், லய வீடும் கம்பெனியுடையது, ஓய்வு பெற்றால் இறங்க வேண்டும், வேறு வழி என்ன?" என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. சொந்தமாகச் சிறு வீடு கட்டவே பலர் கடல் தாண்டுகிறார்கள். கடன் வாங்கிப் போகும் அவர்களுக்குத்தான் ஒரு தவறான விசா மிகப் பெரிய இடி, வட்டி நிற்காது. மேற்கு ஆப்பிரிக்கா முழுவதையும் ஆபத்தென்று ஒதுக்கவும் தேவையில்லை. நைஜீரியப் பள்ளிகளில் பல்லாண்டு வேலை பார்த்த மலையாளி ஆசிரியர்கள் ஏராளம். கானா வேறு, மாலி வேறு. மாலிக்குள்ளேயே தலைநகர் பமாக்கோ வேறு, தொலைவிலுள்ள வேலைத்தளம் வேறு. ஆகவே நாட்டின் பெயரோடு நிறுத்தாமல், எந்த ஊரில் எந்த சைட்டில் வேலை என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

உதவிக்கு இரண்டு மாநிலக் கதவுகள் இருக்கின்றன. கேரள முகவரியில் பாஸ்போர்ட் உள்ளவர்கள், தாய்மொழி எதுவானாலும், கேரள அரசின் நோர்க்கா அமைப்பை 1800 425 3939-இல் அழைக்கலாம். தமிழ்நாட்டு முகவரி என்றால் அயலகத் தமிழர் நல உதவி எண் 1800 309 3793. மத்திய அரசின் எண் 1800 11 3090. அங்கே போய்ச் சிக்கினால், தூதரகத்தின் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தங்குமிடமும் திரும்பும் டிக்கெட்டும் கேட்கலாம். பட்டியலில் இல்லாத நாடு என்று இதில் யாரும் ஒதுக்க முடியாது. பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. முதலாளி பூட்டி வைத்துக்கொண்டால் அதையும் தூதரகத்தில் சொல்லலாம். ஆனால் பெரும்பாலும் முதல் போன் செய்ய வேண்டியவர்கள் வீட்டிலிருப்பவர்கள்தான். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ரசீது, மஞ்சள் அட்டை எல்லாவற்றின் நகலும், சைட் இருக்கும் ஊரின் பெயரும், கூடப் போகிற ஒருவரின் எண்ணும், புறப்படும் அன்றே அம்மா கையிலோ மனைவி கையிலோ இருக்க வேண்டும்.