சர்க்கரை போடாத பால்கோவாவில் சர்க்கரை உண்டா?

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் செல்பவர்கள் பால்கோவா வாங்காமல் திரும்புவது அரிது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. ஆனால் வீட்டில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கை நீட்டத் தயங்கும் தாத்தாவோ பாட்டியோ இன்று பல குடும்பங்களில் இருக்கிறார்கள். நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் உள்ளதென, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

"சர்க்கரை போடாமல் கிண்டினால் சாப்பிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் பாலில் சுமார் 45 கிராம் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இருக்கிறது. பால் சுண்டும்போது ஆவியாவது நீர் மட்டுமே. லாக்டோஸ் வாணலியிலேயே தங்கிவிடும். அந்தப் பால் 200 கிராம் கோவாவாகச் சுண்டினால், அதில் ஏறத்தாழ கால் பங்கு சர்க்கரைதான்! கருப்பட்டி போட்டால் சரியாகிவிடுமா? அதிலும் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான்.

மாவுக்குப் பதில் கடலை

ஓர் உணவு இரத்தத்தில் குளுக்கோஸை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்பதை அளக்க, கனடாவின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் 'கிளைசெமிக் குறியீடு' என்ற அளவையை வகுத்தனர். குளுக்கோஸுக்கு 100 எனக் கொண்டால், மைதா ரொட்டிக்கு 70-க்கு மேல். நிலக்கடலைக்கோ 20-க்கும் கீழ். கடலையில் மாவுப்பொருள் குறைவு. புரதமும் எண்ணெயும் நார்ச்சத்தும் மிகுதி.

ஆகவே மைதாவே இல்லாமல் ஒரு பிஸ்கட் செய்வோம். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 200 கிராமை மிக்ஸியில் விட்டுவிட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு எண்ணெய் கசிந்து வெண்ணெய்போல் இளகும். பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். இதனுடன் கோகோ தூள் 20 கிராம், சர்க்கரை 30 கிராம், ஒரு முட்டை, கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்துப் பிசைந்து, 20 வில்லைகளாகத் தட்டுங்கள். கடையில் விற்கும் சாக்லேட் பானத் தூளில் சர்க்கரை கலந்திருக்கும், அது வேண்டாம்.

அடுப்புக்கு எங்கே போவது? அடிகனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, உள்ளே ஒரு தாங்கி வைத்து மூடி, பெரியவர்கள் துணையுடன் 10 நிமிடம் சூடாக்குங்கள். பிறகு வில்லைத் தட்டை வைத்து, சிறு தீயில் 15 நிமிடம் வேகவிடுங்கள். இட்லிப் பானையில் நீராவி 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது; அதனால் இட்லி சிவப்பதில்லை. மணலோ 150 டிகிரிக்கு மேலும் சூடேறும். அந்த வெப்பத்தில் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் வறுத்த மணமும் தருகின்றன.

ஒரு வில்லை சுமார் 15 கிராம். அதில் மாவுப்பொருள், சர்க்கரை எல்லாம் சேர்ந்து 4 கிராமுக்கும் குறைவு. அதே எடையுள்ள மைதா பிஸ்கட்டில் சுமார் 10 கிராம்.

இன்னொரு கணக்கு

இதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. கடலையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தரும். ஒரு கிராம் சர்க்கரை தருவதோ 4. ஆகவே நம் வில்லையின் ஆற்றல் சுமார் 70 கலோரி. மைதா பிஸ்கட்டும் ஏறக்குறைய அதே அளவு! இரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறும். உடல் எடை கூடாது என்பதற்கு உறுதியில்லை. எனவே ஒன்றிரண்டோடு நிறுத்த வேண்டும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. மாத்திரையையோ ஊசியையோ இந்தப் பண்டத்தை நம்பிக் குறைக்கவும் கூடாது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர்.

வீட்டில் குளுக்கோஸ் மானி இருந்தால், தாத்தாவின் சம்மதத்துடன் ஒரு சோதனை செய்யலாம். ஒரு நாள் இரண்டு மைதா பிஸ்கட். மற்றொரு நாள் அதே வேளையில் இரண்டு கடலை வில்லை. சாப்பிடும் முன்பும், ஒரு மணி, இரண்டு மணி கழித்தும் அளந்து, இரு வளைகோடுகளாக வரையுங்கள். எது தட்டையாக இருக்கிறது? விடையை அந்த வரைபடத் தாளே சொல்லும்.